இல்லம் என்னும் கண்ணாடி

தன்னை அறிதல் என்றதும் தனிமையும் தியானமும் நினைவுக்கு வருகின்றன. எனினும், மனத்தின் பக்குவம் உள்ளபடி வெளிப்படும் இடம் இல்லமே. உடன் வாழ்வோரிடம் ஒருவர் பேசும் சொல், அவரை அவருக்கே காட்டிக்கொடுக்கிறது.

மகாத்மா காந்தியின் வாழ்வில் இதற்குச் சான்று உண்டு. 1898-ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வழக்கறிஞராக இருந்தார். அலுவலக எழுத்தர்கள் சிலர் அவரது இல்லத்திலேயே தங்கியிருந்தனர். அறைகளில் வைக்கப்பட்ட சிறுநீர்க் கலங்களைக் காந்தியும் கஸ்தூரிபாயுமே சுத்தம் செய்வது வழக்கம். தீண்டத்தகாதது எனச் சமூகம் ஒதுக்கிய குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவர் புதிதாக வந்தார். அவரது கலத்தை எடுக்கக் கஸ்தூரிபாயின் மனம் ஒப்பவில்லை. கணவர் எடுப்பதையும் அவரால் பொறுக்க இயலவில்லை. கண்ணீருடன் அதை ஏந்திப் படியிறங்கினார்.

காந்திக்கு அது போதவில்லை. முகமலர்ச்சியுடன் செய்ய வேண்டும் என வற்புறுத்தினார். வாக்குவாதம் முற்றியது. மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்துச் சென்று கதவைத் திறந்தார். பெற்றோரும் உற்றாரும் இல்லாத நாட்டில் எங்கே போவது என்று கஸ்தூரிபாய் அழுதார். வெட்கமில்லையா என்றும் கேட்டார். காந்தி நாணமுற்றுக் கதவைச் சாத்தினார். 'சத்திய சோதனை'யில் இதை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார்.

இங்கே ஆழ்ந்து கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தீண்டாமை கூடாது என்ற காந்தியின் கொள்கை முற்றிலும் சரியானது. ஆயினும் அதன் நிழலில் கணவன் என்னும் அதிகாரம் ஒளிந்திருந்தது. கொள்கை சரியாக இருக்கும்போது, அதற்காக எழும் கோபமும் சரியே என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது. அகந்தைக்கு இதனினும் நல்ல மறைவிடம் கிடையாது. பிள்ளையின் படிப்புக்காகச் சீறும் தந்தையும், ஆசாரத்துக்காக மருமகளைக் கடியும் மாமியாரும் தத்தம் நெஞ்சைச் சோதிக்க வேண்டிய இடம் இதுவே.

பின்னாளில் கஸ்தூரிபாய் உதிரப்போக்கால் நலிவுற்றபோது, உப்பையும் பருப்பையும் விடுமாறு காந்தி வேண்டினார். உங்களாலும் அவற்றை விட முடியாது என்றார் அவர். காந்தி அக்கணமே அவற்றை ஓராண்டுக்குத் துறப்பதாக உறுதி பூண்டார். கஸ்தூரிபாய் மிக வருந்தித் தடுத்தார். பின்னர் தாமும் அவற்றை விட்டார். முன்பு மனைவியை நோக்கி நீண்ட கை, இம்முறை தம்மையே கட்டுப்படுத்தியது.

மேலதிகாரியின் முன் அடங்கும் கோபம், மனைவி மக்கள் முன் அடங்குவதில்லை. ஓரிடத்தில் அடக்க முடிந்ததை மற்றோரிடத்தில் அடக்க முடியாது என்பது பொருந்தாது. எதிர்த்துப் பேச இயலாதவர் என்ற எண்ணமே அங்கு நாவை அவிழ்த்துவிடுகிறது. உறங்கச் செல்லுமுன், அன்று இல்லத்தில் உரைத்த கடுஞ்சொல் ஒன்றை நினைவுகூர்ந்து, அதே சொல்லை மேலதிகாரியிடம் கூறியிருக்க முடியுமா என்று தன்னையே கேட்பது நல்ல பயிற்சி. முடியாதெனில், மறுநாள் காலையில் அவரிடம் சென்று வருத்தம் தெரிவிப்பதே அடுத்த படி.