உயர்திணையில் அழைப்போம்

முன்னுரை

தமிழிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் அறிந்துகொள்வது திணைப் பாகுபாடு ஆகும். மக்களை உயர்திணை என்றும், ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுப்பது நம் மரபு. ஆயினும், மக்களுள் ஒரு சாராரை 'அது' என்று சுட்டும் வழக்கம் தெருவிலும் பேருந்திலும் இன்னும் முற்றிலும் மறைந்தபாடில்லை. பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பெற்றுத் தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையரும், பெண் எனக் குறிக்கப்பெற்றுத் தம்மை ஆணாக உணரும் திருநம்பியருமே அவ்வாறு சுட்டப்படுவோர். இவ்விழிவு அவர்தம் வாழ்வை எங்ஙனம் வாட்டுகிறது, அதனைப் போக்க நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கணம் காட்டும் இடம்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், ஆண் தன்மையினின்று மாறியோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையுள் வைத்தே பேசுகின்றார். அப்பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளையே அவை ஏற்கும் என்பது அவர் கருத்து. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களையும் அதே நூற்பாவில் உடன்வைத்துக் கூறியிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நன்னூலார் மேலும் ஒருபடி சென்றார். பெண் தன்மையை நீங்கி ஆண் தன்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண் தன்மையை நீங்கிப் பெண் தன்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்ளலாம் என்றார். பாலை வரையறுப்பதில் ஒருவரது விருப்பத்திற்கு அவர் இடமளித்தது சிறப்பிற்குரியது. எனினும், இவ்விருவகைப் பெயர்களும் அஃறிணை போல வருதலும் உண்டு என்று அந்நூற்பாவை முடிக்கின்றார். மக்கள் வழக்கில் ஒரு சரிவு அன்றே நிகழ்ந்திருந்தது என்று கருத இதனால் இடமுண்டு.

இழிவும் அதன் விளைவும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியப் பகுதிகளில் இத்தகையோரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வழிசெய்தது. பதிவு பெற்றோர் பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவதே குற்றமாயிற்று. உயில் எழுதவும், மகவைத் தத்தெடுக்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. வழக்கில் இருந்த இழிவு இவ்வாறு சட்டமாகவும் உருக்கொண்டது.

இன்று அவ்விழிவு பெரும்பாலும் வீட்டில் தொடங்குகிறது. பிள்ளையின் நடையும் உடையும் மாறக் கண்ட பெற்றோர், ஊரார் நகைப்பர் என்றஞ்சி அடிக்கின்றனர், அல்லது வெளியேற்றுகின்றனர். வீடு போனால் படிப்பு போகிறது. படிப்பு போனால் வேலை இல்லை. வேலை இல்லாதார் கையேந்துகின்றனர். கையேந்துவதைக் கண்ட உலகம் "இவர்கள் இப்படித்தான்" என்று தன் வெறுப்புக்கு அதனையே சான்றாக்குகிறது. காரணத்தை விடுத்து விளைவைப் பழிப்பது அறிவுடைமை ஆகாது.

இது மனநோய் என்பாரும் உளர். 2019இல் ஏற்கப்பெற்று 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பகுப்பில், இந்நிலை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இவர்களிடையே மிகுந்து காணப்படுவதற்குப் புறக்கணிப்பும் வன்முறையும் முதன்மையான காரணங்கள் என்பது ஆய்வாளர் கண்ட உண்மை.

அரவணைப்பின் பயன்

தமிழ்நாடு அரசு 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர்க்கு நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்சநீதிமன்றம் இவர்களின் அடிப்படை உரிமைகளை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விண்ணப்பம் மறுக்கப்பட்ட நிலையில் உயர்நீதிமன்றத்தை நாடிய பிரித்திகா யாஷினி, 2017இல் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். ஓர் ஆசானும் ஒரு வாய்ப்பும் கிட்டின் இவர்கள் எய்தும் உயரத்திற்கு இவை சான்றுகள்.

ஆனால், சட்டமும் வாரியமும் வீட்டிற்குள் நுழைய இயலா. அங்கு வேண்டுவது என்ன என்பதை அமெரிக்காவில் 129 இளைஞரிடம் நிகழ்த்தப்பெற்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு புலப்படுத்துகிறது. வீடு, பள்ளி, பணியிடம், நண்பர் குழாம் ஆகிய நான்கனுள், தாம் தேர்ந்த பெயரால் அழைக்கப்பெறும் இடம் ஒன்று கூடுந்தோறும் தற்கொலை எண்ணம் 29 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. பொருட்செலவு சிறிதுமின்றி எவரும் அளிக்கக்கூடிய உதவி இது.

முடிவுரை

எனவே, பெற்றோர் பிள்ளையை வெளியேற்றாதிருத்தல் முதற்கடமை. ஊர்ப் பெரியோர் அப்பெற்றோரைப் பழியாது துணைநிற்றல் அதற்கு இணையான கடமை. ஆசிரியர் வகுப்பில் எழும் கேலியை அன்றே தடுத்தல் வேண்டும். மாணவர்கள் தம் உடன்பயில்வோரை அவர் விரும்பும் பெயரால் அழைத்தல் வேண்டும். "வந்தது" என்னாது "வந்தார்" என்று கூறப் பழகுவோமாயின், தொல்காப்பியர் வகுத்த இடத்தை அவர்களுக்கு நாம் மீட்டளித்தவராவோம்.