காட்டைக் காக்கும் கையெழுத்து

ரம்புக்கனை

அன்புள்ள மருமகளுக்கு,

காடழிப்பைத் தடுக்க மாவட்ட நிர்வாகம் என்ன செய்யலாம் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். மரம் நடுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நல்லது. ஆனால் நட்ட மரம் நிலைப்பது அந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டுரையில் விடுபட்டது அதுதான்.

வெள்ளைக்காரர் காலத்தில், 1870களில், 5000 அடிக்கு மேலுள்ள காட்டை இனி விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கை அதற்குக் காரணம். நுவரெலியாப் பக்கத்து உச்சிகள் அதனால் ஓரளவு தப்பின. நம் கேகாலை மலைகள் பெரும்பாலும் அந்த உயரத்துக்கு எட்டாதவை. கோப்பி, பிறகு தேயிலை, இறப்பர் என்று சரிவு சரிவாகக் காடு போயிற்று. மிஞ்சியதில் பெரும்பகுதி துண்டுக் காடுகள்தான்: மலைமுகட்டில் கொஞ்சம், ஓடைக்கரையில் கொஞ்சம், இரண்டு தோட்டங்களுக்கு நடுவே கொஞ்சம். சிங்கராஜாவுக்கு இருப்பதுபோல உலக மரபுரிமைப் பெயர் இவற்றுக்கு இல்லை. ஆனால் லயத்துப் பீலியில் தண்ணீர் வருவது இவை இருப்பதால்தான்.

இவற்றுள் தோட்டத்துக்குள் இருப்பவை குத்தகைக் கம்பனிகளின் நிர்வாகத்தில் உள்ளன. வெளியே அரசுக்குச் சொந்தமாக இருந்தும் ஒதுக்கு வனமாக அறிவிக்கப்படாதவை 'ஏனைய அரச காடுகள்'. இவற்றின் கதையைக் கவனமாகப் படி. 2001இல் வெளிவந்த 5/2001 சுற்றறிக்கை இவற்றை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, பயிர்ச்செய்கைக்கு நிலம் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களுக்குப் போனது. நாடு முழுவதும் சுமார் 5 இலட்சம் ஹெக்டெயர்! சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், நானும் எதிர்க்கிறேன். அதிகாரம் ஊருக்கு வருவது நல்லதுதான். ஆனால் அளவையும் எல்லையும் வரைபடமும் முதலில் வர வேண்டும், அதிகாரம் அதன்பிறகு வரட்டும். இல்லையென்றால் ஓடைக்கரைக் காடு யாருடைய விண்ணப்பத்திலாவது 'வெறும் காணி' ஆகிவிடும்.

ஊருக்கு அதிகாரம் வந்தாலும், திட்டம் போடும் மேசையில் தோட்டத்து மக்களான நம்மவர்களுக்கு இடம் கிடைத்ததே அண்மையில்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குப் போட்டோம், ஆனால் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போடச் சபைக்கு வழியில்லை. 2018இல்தான் திருத்தினார்கள். காட்டையும் சரிவையும் பற்றிய திட்டங்களில் லயம் ஒரு குடியிருப்பாகவே எண்ணப்படாததற்கு இந்த வரலாறும் காரணம் என்பது என் எண்ணம்.

அதன் விலை பெரிது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. பெருமழைதான் உடனடிக் காரணம். ஆனாலும் வேரோடிய காடு பிடித்திருக்கும் மண்ணும், வெட்டித் திறந்த சரிவு மண்ணும் ஒரே மழையை ஒரே மாதிரித் தாங்குவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு என்றும், 100 என்றால் எச்சரிக்கை என்றும், 150 என்றால் வெளியேறு என்றும் சொல்கிறது. பக்கம் நேரான ஒரு தகர டப்பாவைத் திறந்த முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்து பார். ஏழரை சென்டிமீற்றர் நின்றால் அப்பாவிடம் சொல், தோட்டத்து ஐயாவிடமும் சொல்லச் சொல்.

மாகாணத்தால் எதுவும் முடியாது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. மா ஓயா நம்மைக் கடந்து கீழே போய் வடமேல் மாகாணத்துக்கு எல்லையாகிறது. அந்த மாகாணம் 1990இலேயே தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் இயற்றிக்கொண்டது. ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் நம் சப்ரகமுவ மாகாணத்துக்கு அப்படியொன்று இன்னும் அவசரமாக வேண்டும். அதில் துண்டுக் காடுகளின் கணக்கு வேண்டும். ஆபத்தான சரிவில் இருக்கும் லயக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணி வேண்டும். காட்டைக் காக்கிறோம் என்று சொல்லி, போக்கிடமில்லாத ஏழையை மட்டும் எழுப்பிவிடுவது திட்டமாகாது.

இனி உனக்கொரு வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி அப்பாவைக் கையெழுத்திடச் சொல்லிப் பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுது. நம் பிரிவில் எத்தனை ஹெக்டெயர் ஏனைய அரச காடு இருக்கிறது, 2020க்குப் பிறகு அதில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, நம் தோட்டம் மண்சரிவு அபாய வரைபடத்தில் எந்த வலயத்தில் வருகிறது என்று கேள். பதில் வந்ததும் பிரதி எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
மாமா