காரைக்குடி போகிற வழியில் நான்கு இடங்கள்

சென்னையிலிருந்து காரைக்குடி சுமார் 400 கிலோமீட்டர். பெரும்பாலோர் சுங்கச்சாவடிகளை எண்ணியபடியே ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இந்தக் கோடை விடுமுறையில் அதையே இரண்டு நாள் பயணமாக்கிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையைவிட்டுச் சற்று விலகினால், பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும் இடங்கள் நான்கு இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

திருவக்கரை: முதல் நாள் காலை

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போகவேண்டும். இங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தூரத்தில் பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட கட்டைகள் என்றுதான் தோன்றும். குனிந்து பாருங்கள்: மரத்தின் வளையங்களும் முடிச்சுகளும் அப்படியே இருக்கும், ஆனால் அத்தனையும் கல். மணலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது.

ஒரு மரத்துக்கும் கிளையோ இலையோ இல்லையே, ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இவை இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரு சில்லைக்கூட எடுத்துவர அனுமதி இல்லை. அருகிலேயே வக்கிரகாளியம்மன் சன்னதி இருப்பதால் பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

சாத்தனூர்: மாலை 4 மணிக்கு மேல்

மதியச் சாப்பாட்டை உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் முடித்துக்கொண்டு, பெரம்பலூர் தாண்டிக் கிழக்கே திரும்புங்கள். சாத்தனூரில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கல்மரம்தான். நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940இல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன். மரம் புதைந்த காலத்தில் இந்த வட்டாரமே கடலுக்கடியில் இருந்தது. இன்றைக்குக் கடலைப் பார்க்க இங்கிருந்து 100 கிலோமீட்டர் அளவில் கிழக்கே போகவேண்டும். வெட்டவெளி என்பதால் உச்சிவெயிலில் போகவேண்டாம். அரை மணி நேரம் போதும். இரவுத் தங்கலுக்குத் திருச்சி வசதி.

திருமயம்: இரண்டாம் நாள் காலை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் 20 கிலோமீட்டர். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை சாலையோரமே நிற்கிறது. ஊர்க்காரர்கள் ஊமையன் கோட்டை என்பார்கள். உச்சியில் பீரங்கி உண்டு. பிள்ளைகளை அங்கிருந்து இறக்குவதுதான் பாடு. பாதி வழியில் பாறையைக் குடைந்த குகையில் ஒரு லிங்கம் இருக்கிறது. இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்கவேண்டும். சிறு பிள்ளைகளைத் தனியே ஏற விடாதீர்கள். 9 மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கிவிடும், திறந்தவுடன் ஏறிவிடுங்கள். தொல்லியல் துறைக் கோட்டை என்பதால் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. கீழே இறங்கினால், சாலையைப் பார்த்தபடி இருக்கும் கோட்டை பைரவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் பலர் புறப்படுகிறார்கள்.

ஆத்தங்குடி: நண்பகல்

வெயில் ஏறியபின் நிழலில் பார்க்க ஏற்ற இடம் தரை ஓடு செய்யும் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூ தெரியும். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியைவிட்டுப் பிரியும்போதே ஓட்டில் பளபளப்பு வந்துவிடும். சூளையில் சுடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பட்டறையில் ஆள் இல்லாமல் போகலாம். அதனால்தான் வெள்ளிக்கிழமை கிளம்பச் சொன்னேன்.

கையோடு எடுத்துப்போக

தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பாறையில் வழுக்காத செருப்பு, சில்லறை. கல்மரங்கள் இருக்கும் இடங்களில் கடைகளை நம்ப முடியாது. நொறுக்குத்தீனியை முன்பே வாங்கிவிடுங்கள். தர்பூசணியும் நுங்கும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே கிடைக்கும்.

நான்குக்கும் நேரமில்லை, ஒன்றுதான் முடியும் என்றால் திருமயத்தைத் தேர்ந்தெடுங்கள். வழியைவிட்டு விலகவே வேண்டாம். தாத்தா பாட்டி கீழே கோயிலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் மேலே ஏறி இறங்கிவிடலாம்.