சறுக்கு வண்டியும் வரிசையும்

அச்சத்தை விலை கொடுத்து வாங்கும் உயிர் இவ்வுலகில் மனிதன் ஒருவனே. யானை பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும். மான் செங்குத்தான சரிவைக் கண்டால் வேறு வழி தேடும். மனிதனோ, உயர்ந்த மேட்டின் உச்சியிலிருந்து தலைகுப்புற வீழ்வது போன்ற உணர்ச்சியைப் பெறுவதற்குக் காசு கொடுக்கின்றான். கொடுத்த பின்னும் தன் முறை வரும்வரை ஒரு மணி நேரம் கால் கடுக்க நிற்கின்றான். மேலைநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் என்னும் சறுக்கு வண்டியைச் சுற்றி நாள்தோறும் நிகழும் காட்சி இது. வண்டியின் ஓட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஏனைய நேரமெல்லாம் காத்திருப்பே. ஆதலால், சறுக்கு வண்டியை உயிராக நேசிக்கும் ஆர்வலர்கள் வண்டியைப் பற்றிப் பேசும் அளவிற்கு வரிசையைப் பற்றியும் பேசுகின்றனர்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் பனி மிகுந்த ருஷ்ய நாடு. மரத்தால் மேடை கட்டி, அதன் சரிவில் நீரை ஊற்றி, அந்நீர் உறைந்து கட்டியானதும் அதன்மேல் சறுக்கி இறங்குவது அந்நாட்டாரின் குளிர்கால விளையாட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசி காதரைன், கோடையிலும் சறுக்கி மகிழ விரும்பிச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒரானியன்பாமில் சக்கர வண்டிகள் ஓடும் சறுக்கு மேடு ஒன்றை அமைப்பித்தாள். 1817-ஆம் ஆண்டில் அவ்விளையாட்டு பாரிஸ் நகரை அடைந்தது. பிரெஞ்சு மக்களும் ஸ்பானிய மக்களும் சறுக்கு வண்டியை இன்றும் ‘ருஷ்ய மலை’ என்றே வழங்குகின்றனர். ருஷ்யரோ அதனை ‘அமெரிக்க மேடு’ என்கின்றனர். அச்சம் தரும் பொருளுக்குத் தம் நாட்டின் பெயரைச் சூட்ட எவரும் உடன்படவில்லை போலும்!

அமெரிக்காவில் இதனைப் பெருவழக்காக்கியவர் லமார்க்கஸ் தாம்ஸன் என்பவர். 1884-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கடற்கரைப் பகுதியாகிய கோனி தீவில் 600 அடி நீளமுள்ள மரப்பாதை ஒன்றை அவர் அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட்டு. வேகம் மணிக்கு ஆறு மைல். மெல்ல ஓடுபவன் வண்டியோடு உடன்வரலாம். பாதையின் கடைசியில் வண்டி நின்றதும் ஏறியிருந்தோர் இறங்குவர். ஏவலாளர் வண்டியைத் தள்ளி மறுமேட்டின்மேல் ஏற்றுவர். இறங்கியோர் மீண்டும் ஏறி அமர்ந்து திரும்புவர். இவ்வளவு எளிய விளையாட்டைக் காணவும் நுகரவும் மக்கள் திரள் திரளாக வந்தனர்.

பின்னர் வேகம் வளர்ந்தது. வேகம் வளர வளர, வண்டி மேட்டின் உச்சியில் பாதையை விட்டு எழும்பிவிடும் இடரும் வளர்ந்தது. இதற்குத் தீர்வு கண்டவர் ஜான் மில்லர் என்னும் பொறியியல் வல்லுநர். பாதையின் மேலே உருளும் சக்கரமும் பக்கத்தே அணைந்து செல்லும் சக்கரமும் போதா எனக் கண்டு, பாதையின் அடிப்புறத்தைப் பற்றிச் செல்லும் மூன்றாவது சக்கரத்தையும் அவர் அமைத்தார். 1919-ஆம் ஆண்டில் அதற்கு உரிமமும் பெற்றார். கீழிருந்து பிடிக்கும் அச்சிறு சக்கரத்தின் துணையினாலேயே செங்குத்தான சரிவுகள் இயல்வனவாயின. 1927-ஆம் ஆண்டில் கோனி தீவில் எழுந்த ‘சைக்ளோன்’ என்னும் மரச் சறுக்கு வண்டி 85 அடி உயரமுடையது. அஃது இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது.

அவ்வண்டியில் எவ்விருக்கையில் அமர்வது என்பதே ஆர்வலர்களிடையே தீராத வழக்கு. முன்னிருக்கையை வேண்டுவோர், காற்று முகத்தில் மோத, எதிரே பாதை இருப்பதே தெரியாமல் உச்சியில் தொங்கும் நொடியைப் புகழ்வர். பின்னிருக்கையை வேண்டுவோர் கூறும் காரணம் நுட்பமானது. பல பெட்டிகள் கோத்த வண்டி மேட்டைக் கடக்கும்போது, முதற்பெட்டி மெல்லவே உச்சியைத் தாண்டுகிறது. வண்டியின் பாதி சரிவில் இறங்கிய பின்னர், அதன் கனம் எஞ்சிய பெட்டிகளை இழுக்கத் தொடங்கும். கடைசிப் பெட்டி உச்சியை அடையும்போது அது வெடுக்கென இழுக்கப்பட்டுப் பெருவேகத்தில் கடக்கும். அமர்ந்திருப்பவரின் உடல் மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்க, இருக்கை அவருக்குக் கீழே நழுவி இறங்குகிறது. உடல் எடையற்றுத் தக்கை போல மிதக்கிறது. அம்மிதப்பு ஒரு நொடியே நீடிக்கும். அந்நொடிக்காகவே ஆர்வலர் ஆயிரம் மைல் பயணம் செய்வதுண்டு.

இவர்களை வேலையற்றவர் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. நியூயார்க் நகர ஆட்சியினர் 1970-ஆம் ஆண்டுகளில் சைக்ளோனை இடித்து அவ்விடத்தில் மீன் காட்சிச் சாலையை விரிவாக்க எண்ணினர். பொதுமக்களும் ஆர்வலரும் எதிர்த்து முழங்கியதால் வண்டி பிழைத்தது; 1991-ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சறுக்கு வண்டி ஆர்வலர்கள் தமக்கெனக் கழகம் ஒன்று கண்டனர். பென்சில்வேனியா மாநிலத்து ஆல்டூனாவில் 1902-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற ‘லீப் த டிப்ஸ்’ என்னும் வண்டி, இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. 1985-இல் ஓய்ந்துபோன அதுவும் செப்பம் செய்யப்பெற்று 1999-இல் மீண்டும் ஓடியது.

இத்தகைய ஆர்வலர் ஒருவர் பூங்காவினுள் நுழைந்ததும் முதலில் உற்று நோக்குவது வண்டியின் உயரத்தையன்று. வண்டி புறப்படும் நிலையத்தருகே நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு வண்டி புறப்பட்ட பின் அடுத்த வண்டி புறப்பட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார். காண்போர்க்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

ஒரு வண்டியில் 24 பேர் அமர்கின்றனர் எனக் கொள்வோம். இரண்டு நிமிடத்திற்கு ஒரு வண்டி புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 30 ஓட்டங்கள். ஏறிச் செல்வோர் 720 பேர். இருக்கைப் பட்டையைச் சரிபார்க்கும் பணியாளர் ஒருவர் குறைந்தாலோ, இருப்போர் அசட்டையாய் இருந்தாலோ, மூன்று நிமிடத்திற்கு ஒரு வண்டியே புறப்படும். அப்போது ஓட்டங்கள் 20. ஏறிச் செல்வோர் 480 பேரே. தமக்கு முன் 720 பேர் நிற்கக் காண்பவர், முதல் நிலையில் ஒரு மணி நேரமும் இரண்டாம் நிலையில் ஒன்றரை மணி நேரமும் நிற்க வேண்டும். நிலையத்தில் ஒவ்வொரு முறையும் நழுவவிட்ட ஒரு நிமிடம், வரிசையின் கடைசியில் நிற்பவர்க்கு அரைமணி நேரமாகப் பெருகுகிறது. நிற்போர் தொகை, நகரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் உள்ள இவ்வுறவை ஜான் லிட்டில் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1961-ஆம் ஆண்டில் கணித முறையால் நிறுவினார். அங்காடிக்கும் மருத்துவமனைக்கும் தொலைபேசி நிலையத்திற்கும் அவ்வுறவு ஒப்ப முடிந்ததே.

ஆயின், விரைவு வேண்டும் என்று கூறும் ஆர்வலர் எவரும் சரிபார்க்கும் பணியைச் சுருக்கச் சொல்லார். சறுக்குப் பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது; ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குமேல் நுழையாதவாறு பொறிகள் தாமே தடுத்து நிறுத்தும். 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ‘ஸ்மைலர்’ என்னும் பாதையில் ஆளில்லாத வண்டி ஒன்று நடுவே நின்றுவிட்டது. பின்வந்த வண்டியைப் பொறி முறையாகவே தடுத்து நிறுத்திற்று. நின்ற வண்டி இருப்பதை அறியாத பணியாளர், பொறி தவறாக நிறுத்தியது எனக் கருதி, அதன் தடையை நீக்கி வண்டியைச் செலுத்தினர். பதினாறு பேர் அமர்ந்திருந்த அவ்வண்டி நின்றதன்மேல் மோதியது. ஐவர் கொடுங்காயமுற்றனர், இளம்பெண்கள் இருவர் ஒவ்வொரு காலை இழந்தனர். அடுத்த ஆண்டில் நீதிமன்றம் பூங்காவை நடத்திய நிறுவனத்திற்கு ஐம்பது இலட்சம் பவுன் தண்டம் விதித்தது. வண்டி ஏன் இன்னும் புறப்படவில்லை என்று வரிசையில் முணுமுணுப்போர், சில வேளைகளில் அத்தாமதமே தம்மைக் காக்கின்றது என்பதை அறியார்.

வரிசை என்னும் சொல்லைச் சற்று நோக்குவது ஈண்டுப் பொருத்தமாகும். தமிழில் அஃது ஒழுங்காக நிற்கும் நிரலையும் குறிக்கும். ஒருவர்தம் தகுதிக்கேற்பச் செய்யும் சிறப்பையும் குறிக்கும். பாடி வந்த புலவரின் தரமறிந்து பரிசளித்தவர்களை வரிசை அறிந்தோர் எனப் பாராட்டுவது நம் முன்னோர் மரபு. திருமண வீட்டில் சீர்வரிசை என இன்றும் வழங்குவது அப்பொருள் பற்றியே. ஆங்கிலத்தார் வழங்கும் கியூ என்னும் சொல்லோ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு வால் என்பது பொருள். சறுக்கு வண்டியின் முன் நீண்டு வளரும் வாலில் நிற்பவர்க்குச் செல்வமும் குலமும் கல்வியும் தகுதியாகா. யார் முன் வந்தாரோ அவர்க்கு முன்னிடம். வந்த நேரமே அங்கு வரிசை. அரசாங்க அதிகாரியின் மகனும் அங்காடித் தொழிலாளியின் மகனும் ஒரே வெயிலில் நின்ற அவ்வொழுங்கு, அண்மைக் காலத்தில்தான் மாறத் தொடங்கியது.

அம்மாற்றத்தைக் காண்பதற்குக் கலிபோர்னியா மாநிலத்து டிஸ்னிலாந்து தக்க இடமாகும். 1955-இல் தொடங்கிய அப்பூங்காவில், நெடுங்காலம் ஒவ்வொரு விளையாட்டிற்கும் தனித்தனிச் சீட்டு இருந்தது. சீட்டுகள் எழுத்தால் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. சிறந்த விளையாட்டுகளுக்கு விலை மிகுந்த சீட்டு வேண்டும். 1982-ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. வாயிலில் ஒருமுறை பணம் செலுத்தியவர் விரும்பியதில் விரும்பிய முறை ஏறலாம் என்றாயிற்று. ஏறுவதற்கு விலை இல்லாத இடத்தில் மக்கள் எதனைச் செலுத்துவர்? தம் நேரத்தைச் செலுத்தினர். பணத்தால் அளவுபட்டது காத்திருப்பால் அளவுபடலாயிற்று. 1999-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தார், குறித்த நேரத்தில் திரும்பி வந்து குறுகிய வரிசையில் ஏறுவதற்கு உரிய சீட்டை அனைவர்க்கும் இலவசமாக வழங்கினர். 2021-இல் அவ்விலவசச் சீட்டு முடிவுற்று, தனிப்பணம் செலுத்திப் பெறும் முறை வந்தது. வேறு பல பூங்காக்களும் இவ்வாறு விரைவு வழியை விற்கின்றன.

இதுபற்றி ஆர்வலர் கருத்து ஒன்றாக இல்லை. முன் கூறிய கணக்கையே மீண்டும் எடுத்துக் கொள்வோம். மணிக்கு 720 இருக்கைகள். அவற்றுள் 240 இருக்கைகள் விரைவு வழியாருக்கு ஒதுக்கப்பட்டால் பொது வரிசைக்கு எஞ்சுவன 480. தமக்கு முன் 720 பேர் நிற்க வந்து சேர்ந்தவர் ஒன்றரை மணி நேரம் நிற்பார். அதற்குள் அவருக்குப் பின் பூங்காவை அடைந்தவருள் 360 பேர் வரை அவரைக் கடந்து ஏறிச் செல்லக்கூடும். விரைவு வழி புதிய இருக்கை ஒன்றையும் படைக்கவில்லை. ஒருவர் மிச்சப்படுத்திய நேரம் மற்றொருவர் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. அம்மற்றவரை எவரும் உடன்பாடு கேட்பதில்லை. இதனை மனத்துட் கொண்ட ஆர்வலர், பணியாளரின் சோம்பலால் இழந்த அரைமணியும் விற்பனையால் இழந்த அரைமணியும் நிற்பவரின் காலுக்கு ஒன்றே என்பர்.

எதிர்த்தரப்பாரும் வெறுங்கையர் அல்லர். நெடுந்தொலைவிலிருந்து வாழ்நாளில் ஒருமுறையே வந்த குடும்பம், அன்று மாலைக்குள் குழந்தைக்கு மூன்று விளையாட்டேனும் காட்ட விரும்பிப் பணம் தருவதில் பிழை யாது என்பது அவர்கள் வினா. இரயிலிலும் விமானத்திலும் மிகுபணம் தந்தவர் முந்தி ஏறுவதை எவரும் குறை கூறுவதில்லை அல்லவா? வினா வலியுடையதே. ஆயினும், இரயிலில் முதல் வகுப்பார் முந்தி ஏறுவதால் இரண்டாம் வகுப்பார் பிந்திப் போய்ச் சேர்வதில்லை. சறுக்கு வண்டியின் வரிசையில் அவ்வாறு பிந்த நேர்கிறது. டேவிட் மைஸ்டர் என்பார் காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய கட்டுரையில், முறையற்றதாகத் தோன்றும் காத்திருப்பு முறையான காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் எனக் குறித்தார். பக்கத்து வழியில் சிரித்துக்கொண்டு நடந்து செல்பவரைப் பார்த்து நிற்கும் சிறுவனுக்கு அக்கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டுவதில்லை.

ஆர்வலர் அனைவரும் ஒருமுகமாக ஏற்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. இருக்கைகள் இரண்டிரண்டாய் அமைந்த வண்டியில் மூவராய் வந்தோர் ஏறினால் ஓர் இருக்கை வெறுமையாய் ஓடும். தனியே ஏற இசைவோரைப் பல பூங்காக்கள் வேறு வரிசையில் நிறுத்தி, அவ்வெற்றிருக்கைகளில் ஏற்றுகின்றன. தந்தை ஒரு பெட்டியிலும் மகன் மற்றொரு பெட்டியிலும் அமர நேரும். விரும்பிய இருக்கையும் கிட்டாது. எனினும் அவர்கள் ஏறுவதால் பிறர் ஒருவரும் ஒரு நொடியும் இழப்பதில்லை; வீணாய்ப் போக இருந்த இடமே பயன்படுகிறது. பின்னிருக்கைக்காக ஆயிரம் மைல் வந்த ஆர்வலர்க்கு அவ்வரிசை நடு இருக்கையைத் தந்துவிடுவதும் உண்டு. அவர் முகம் சுளிப்பதில்லை. வண்டி நிலையத்திற்குத் திரும்பியதும் பட்டையை நீக்கி இறங்கி, கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இம்முறை பொது வரிசையின் வாலை நோக்கி நடக்கின்றார்.