பிளிமத் பாறை புகட்டும் பாடம்

வரலாறு என்பது நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு உரைப்பது என்பர் அறிஞர். ஆயின் நிகழ்ந்தவற்றுள் எழுத்தில் எஞ்சி நிற்பன சில, மறைந்தொழிந்தன பல, பின்வந்தோர் கூட்டியுரைத்தனவும் உள. இவற்றைப் பிரித்தறியும் பயிற்சியே வரலாற்றுக் கல்வியின் தலையாய பயன். அப்பயிற்சிக்கு ஏற்றதொரு பொருளாக, ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரின் கடற்கரையில் உள்ள நினைவுச்சின்னத்தை ஈண்டு ஆராய்வோம்.

துறைமுகத்தின் ஓரத்திலே கருங்கற்றூண்கள் சூழ்ந்த மண்டபமொன்று நிற்கின்றது. அதன் நடுவே, கீழே தாழ்ந்த குழியில், 1620 என்னும் எண் பொறித்த ஒரு பாறை கிடக்கின்றது. கடல் பெருகும்போது நீர் கம்பியிடுக்குகளின் வழியே உட்புகுந்து அதனை நனைக்கும். காண்போர் மேலிருந்து குனிந்து நோக்குவர். நெடுந்தூரம் பயணஞ்செய்து வந்தோர் பலர், 'இச்சிறு கல்லுக்கோ இத்தனை புகழ்!' என வியப்பதுண்டு. இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தோர் அந்நிலத்தில் முதலடி வைத்த கல் இதுவே என்பது மரபு.

அக்கடற்பயணத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். இங்கிலாந்துத் திருச்சபையினின்றும் பிரிந்து ஒல்லாந்து தேசத்து இலெய்டன் நகரில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரும், அவர்களோடு சேர்ந்த பிறருமாக 102 பயணிகள், 'மேபிளவர்' என்னும் கப்பலில் 1620 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆம் நாள் இங்கிலாந்தின் பிளிமத் துறையை விட்டுப் புறப்பட்டனர். உடன்வரவிருந்த 'ஸ்பீட்வெல்' என்னும் கப்பல் ஒழுகியமையால் கைவிடப்பட்டது. நடுக்கடலிற் புயல் மோதி மேபிளவரின் பெருவிட்டமொன்று பிளந்தது. பயணிகள் கொண்டுவந்த பெரிய இரும்புத் திருகினால் அதனை உயர்த்தி முட்டுக்கொடுத்துப் பயணத்தைத் தொடர்ந்தனர். அக்காலத்து ஆங்கில நாட்கணக்கின்படி நவம்பர் 9 ஆம் நாள் கேப் கொட் முனையைக் கண்டனர். இரண்டு நாட்களின் பின், கப்பலிலேயே 41 ஆடவர் தம்மைத் தாமே ஆளுதற்கான உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். டிசெம்பர் 11 ஆம் நாள் ஆய்வுக் குழுவொன்று படகிற் சென்று பிளிமத் கரையை அடைந்தது. தொடர்ந்து வந்த குளிர்காலத்தில் அவர்களுட் பாதிப்பேர் மாண்டனர்.

இனி, பாறைக்குச் சான்று யாது எனக் கேட்போம். அக்குடியேற்றத்தின் ஆளுநராக விளங்கிய வில்லியம் பிராட்போர்ட், படகிற் சென்ற குழுவிலும் ஒருவர். அவர் எழுதிய வரலாற்றிற் பாறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1622 இல் இலண்டனில் அச்சான பயணக் குறிப்பிலும் இல்லை. அன்றியும், அக்கூட்டத்தார் அமெரிக்க மண்ணில் முதன்முதல் இறங்கிய இடம் பிளிமத்தும் அன்று. ஒரு திங்களின் முன்பே கேப் கொட் முனையில், இன்று புரொவின்ஸ்ரவுன் எனப்படும் இடத்தில், அவர்கள் இறங்கிவிட்டனர். அங்கே 1910 இல் நிறைவெய்திய 252 அடி உயரமான நினைவுக் கோபுரம் அதற்குச் சான்றாக நிற்கின்றது.

பாறையைப் பற்றிய முதற்செய்தி 1741 ஆம் ஆண்டிலேதான் தோன்றுகின்றது. அவ்வாண்டிற் கரையில் இறங்குதுறையொன்று கட்ட முற்பட்டனர். அது பாறையை மறைத்துவிடும் எனக் கேள்வியுற்ற தோமஸ் பவுன்ஸ் என்னும் 94 வயது முதியவர், தம்மைக் கதிரையில் வைத்துக் கடற்கரைக்குச் சுமந்து செல்லும்படி வேண்டினார். அங்கே ஊரார் முன்னிலையில், முன்னோர் இறங்கிய பாறை இதுவெனத் தம் தந்தையார் காட்டியதாகக் கூறி விடைபெற்றார். தந்தையாரோ 1623 இல் வேறொரு கப்பலில் வந்தவர். ஆதலின் கண்ணாற் கண்ட சாட்சி அல்லர். எனினும் மேபிளவரில் வந்தோர் சிலரைப் பவுன்ஸ் தம் இளமையில் அறிந்திருக்கக்கூடும். ஆகவே முதியவரின் கூற்றை முற்றாகத் தள்ளுதலும் முறையன்று. எழுத்துச் சான்றோடு ஒப்பக் கொள்ளுதலும் முறையன்று. 121 ஆண்டுகள் கடந்து பதிவாகிய செவிவழிச் செய்தி என அதற்குரிய இடத்தில் அதனை வைத்தலே நடுநிலை.

அதன்பின் கல்லுக்கே ஒரு பயணம் உண்டாயிற்று. 1774 இல், ஆங்கில அரசுக்கு எதிரான கிளர்ச்சி மூண்ட வேளையில், எருதுகளைப் பூட்டி அதனைப் பெயர்க்க முயன்றனர். பாறை இரண்டாகப் பிளந்தது. மேற்பாதியை மாத்திரம் ஊர்ச் சதுக்கத்திற்கு இழுத்துச் சென்றனர். 1834 இல் அது நூதனசாலை முன்றிலுக்கு மாற்றப்பட்டபோது வண்டியினின்றும் வீழ்ந்து மீண்டும் உடைந்தது. நினைவுப் பொருளாகச் சில்லுச் சில்லாக உடைத்துச் சென்றோரும் பலர். 1880 இல் மேற்பாதி கரைக்கு மீண்டு கீழ்ப்பாதியோடு சீமெந்தினால் இணைக்கப்பட்டது. 1620 என்னும் எண் பொறிக்கப்பட்டதும் அப்போதேயாம். கல்லிற் கண்ட எண்ணை அவ்வாண்டுக்குரிய கல்வெட்டு எனக் கொள்ளும் மாணாக்கன் இரண்டரை நூற்றாண்டு தவறிவிடுவான் என்பதை உன்னுக. இன்றுள்ள மண்டபம் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டி எழுந்து, 1921 இல் அர்ப்பணிக்கப்பெற்றது.

கல் சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. குடியேறியோர் வந்திறங்கிய இடம் பாழ்நிலமன்று. வம்பனோவாக் மக்களின் பத்துக்செற் என்னும் ஊர் அது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயால் அவ்வூரார் மாண்டொழிந்தனர். அவ்வூரினனாகிய திஸ்குவாந்தம் என்பவன் 1614 இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனாற் பிடிக்கப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட இருந்தவன். தப்பி, இங்கிலாந்தின் வழியாக 1619 இல் தாயகம் மீண்டபோது அவனை வரவேற்க ஊரில் எவரும் இலர். அவனே வந்தேறிகளுக்குச் சோளம் பயிரிடும் முறையைக் கற்பித்தான். தலைவர் மசசோயிற் 1621 இல் அவர்களோடு சமாதான உடன்படிக்கை செய்தார். ஆயின் அவர் மைந்தர் மெற்றகொம் காலத்திற் போர் மூண்டது. 1676 இல் அவர் கொல்லப்பட, அவர்தம் தலை பிளிமத்திலே கம்பத்தில் வைக்கப்பட்டது.

1970 இல் 350 ஆம் ஆண்டு விழாவிற் பேச வம்சுற்றா பிராங்க் ஜேம்ஸ் என்னும் வம்பனோவாக் அறிஞர் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையை முன்கூட்டிக் கண்ட விழாக்குழுவினர் அதனை ஏற்க மறுத்தனர். பிறர் எழுதிக் கொடுத்த உரையை வாசிக்க அவர் இசைந்திலர். பாறைக்கு மேலுள்ள கோல் குன்றில், மசசோயிற்றின் சிலையருகே, தம் மக்களோடு கூடித் துக்கநாள் அனுட்டித்தார். அன்று தொட்டு ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நன்றிநவிலல் நாளில் அது நிகழ்ந்து வருகின்றது. 1998 இல் அதனை அறிவிக்கும் பலகையும் ஆங்கு நாட்டப்பெற்றது. ஒரே கரையில் இன்று இரு நினைவுகள் உள.

இப்பாடத்தினின்றும் மாணாக்கர் மூன்று வினாக்களைக் கற்றுக்கொள்வாராக. இதனைச் சொன்னவர் யார்? நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டின் பின் சொன்னார்? சொல்ல இடம்பெறாதவர் யார்? எந்த நூலை விரிப்பினும், எந்தச் சின்னத்தின் முன் நிற்பினும் இவை துணைசெய்யும்.

விழா மலர் வெளியிடும் நமக்கும் இவ்வினாக்கள் பொருந்துவனவே. கட்டடங்களின் திறப்புக் கற்களில் ஆண்டும் பெயரும் உள. ஆயின் தொடக்க காலத்து வகுப்பறை எவ்வாறிருந்தது, விடுதியில் உணவு சமைத்தவர் யார், கட்டணஞ் செலுத்த இயலாது இடையில் நின்றுபோன மாணவர் எத்தனை பேர் என்பன எக்கல்லிலும் இல்லை. முதிய பழைய மாணவர்தம் நெஞ்சிலேதான் உள. அவர்களைக் கதிரையிற் சுமந்து வரவேண்டிய காலம் வரை காத்திராது, இன்றே அவர்தம் இல்லஞ் சென்று கேட்டு, சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் குறித்து வைப்போமாக.