இருமல் நின்றபின்னும் மாத்திரை எதற்கு?

கேள்வி: ஆஸ்துமாவுக்காக என் 9 வயது மகன் இரவுதோறும் மான்டிலுகாஸ்ட் மாத்திரை சாப்பிடுகிறான். இருமல் நின்றுவிட்டது. நிறுத்தலாமா? மனநிலையைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: இருமல் நின்றதற்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்பதால், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுக்குழாயைச் சுருங்கவும் வீங்கவும் வைக்கும் லூக்கோட்ரையீன் என்ற ரசாயனத்தின் வேலையை இது தடுக்கிறது. ஒரு மாத்திரையின் பலன் ஏறக்குறைய ஒரு நாள்தான். அதனால்தான் தினமும் ஒன்று. உங்கள் மகன் வயதுக்கு வழக்கமான அளவு, மென்று தின்னும் 5 மி.கி. மாத்திரை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. மூச்சுத்திணறல் வந்துவிட்டால் இது உதவாது; அதற்கு சால்பியூட்டமால் இன்ஹேலர்தான், அதுவும் கைக்கெட்டும் இடத்தில்.

உங்கள் பயம் வீண் பயமல்ல. கெட்ட கனவு, தூக்கமின்மை, முரட்டுத்தனம், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகியவை பதிவானதால், 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இம்மருந்துக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. சாதாரண அலர்ஜித் தும்மலுக்கு, மற்ற மருந்துகள் பலிக்காதபோது மட்டுமே கொடுக்கச் சொன்னது. நம் ஊரிலோ தும்மினாலே லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்த்து இதை வாங்கிப் போடுகிறோம்! ஆஸ்துமாவின் கணக்கு வேறு; கட்டுப்படாத ஆஸ்துமா உயிரையே பறிக்கும். ‘இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே மேல்’ என்பதும் தவறு. பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரே இதைவிட நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. பையனின் தூக்கத்தையும் குணத்தையும் கவனியுங்கள். மாறுதல் தெரிந்தால் அன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.