எஞ்சின் உறுமுகிறது, கார் ஏறவில்லை. ஏன்?

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறையில் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குக் குடும்பத்துடன் சென்றேன். பாதி ஏற்றத்தில் என் பழைய ஆட்டோ கார் திணறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறுமியது; சுழற்சி முள் மேலே போனது; வேகமோ கூடவில்லை. திரும்பி வந்ததும் ஒரு பட்டறையில், “கியர்பாக்ஸ் போச்சு சார், முழுசா மாத்தணும்” என்றார்கள். கேட்ட விலை என் ஒரு மாதச் சம்பளத்தை மிஞ்சியது!

முடிவெடுக்கும் முன், நாம் வகுப்பில் படித்த பாஸ்கல் கோட்பாட்டை நினைத்துப் பார்த்தேன்.

ஆட்டோ காரில் கிளட்ச் மிதி இல்லை. ஆனால், கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் உண்டு. எஞ்சினால் சுழலும் ஒரு பம்ப், கியர் எண்ணெயை அழுத்தத்துடன் அனுப்புகிறது. அந்த எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது.

எடுத்துக்காட்டாக, பிஸ்டனின் பரப்பளவு 0.004 சதுர மீட்டர், எண்ணெயின் அழுத்தம் 500,000 பாஸ்கல் என்று கொள்வோம்.

விசை = அழுத்தம் × பரப்பளவு = 2,000 நியூட்டன்

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும்? ஏற்றத்தில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் அழுத்தம் விழும். அழுத்தம் பாதியானால் விசையும் பாதி. உராய்வு போதாமல் தட்டுகள் வழுக்கும். எஞ்சின் சுழலும், சக்கரத்துக்குச் சக்தி போகாது.

ஆகவே, முதலில் எண்ணெயைப் பாருங்கள். அது சொல்லும் சாட்சியம் இது:

• தெளிந்த சிவப்பு: பெரும்பாலான பழைய கார்களில் நல்ல எண்ணெயின் நிறம்.
• கரும்பழுப்பு, கருகிய வாடை: எண்ணெய் அதிகம் சூடாகியிருக்கலாம், தட்டுகள் தேய்ந்திருக்கலாம்.
• பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு: நீர் கலந்திருக்கலாம். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.
• அளவு குறைவு: எஞ்சின் எண்ணெயைப் போல் கியர் எண்ணெய் எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

சோதிக்கும் முறை காருக்குக் கார் மாறும். பல கார்களில் சமதரையில், சூடான நிலையில், எஞ்சின் ஓடும்போது அளக்க வேண்டும். சிலவற்றில் எஞ்சினை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். அளவுக்கம்பியே இல்லாத கார்களும் உண்டு. எனவே, முதலில் கையேட்டைப் படியுங்கள். பெரியவர் துணையின்றிச் செய்யாதீர்கள். கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும். சுழலும் பாகங்களின் அருகே கை போகக்கூடாது.

என் காரின் கம்பியில் எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. நிறம் சிவப்பு, கருகிய வாடை இல்லை. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ரேடியேட்டருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயில் கசிவு! குழாயை மாற்றி, கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயை ஊற்றியதும் வழுக்கல் நின்றது. எல்லாக் கோளாறும் இவ்வளவு எளிதில் தீராது. தேய்ந்த தட்டை எண்ணெய் குணப்படுத்தாது. மின்வால்வு பழுதானால் அதற்கென்று தனிச் சோதனை உண்டு. ஆனால், எளிய காரணத்தைச் சோதிக்காமல் பெரிய முடிவுக்குப் போவது அறிவியல் அன்று.

சிந்திக்க: எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் தட்டுகள் வழுக்கலாம். ஏன்? குறிப்பு: சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்தால் நுரை வரும். நுரைக்குள் இருப்பது என்ன?